மீதி விலை யாருடையது?

ஒரு பொருளை அதன் தகுதிக்கு மேற்பட்ட விலைக்கு விற்கலாமா? 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா எழுப்பிய கேள்வி இது. அவருடைய இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 77-ஆவது கேள்வியாக வருகிறது. பஞ்ச ஊருக்குக் கோதுமை கொண்டுபோகும் வியாபாரி, ஒற்றைக்கண் குதிரை, இடிந்துவிழும் நிலையில் உள்ள வீடு என்று அவர் காட்டும் உதாரணங்களைக் குருமடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக்குப் பங்குத்தந்தையாக வந்த பிறகு, அதே கேள்வியை எங்கள் பங்குப் பேரவை என் முன்னால் வைத்தது. இந்த முறை உதாரணம் ஒரு விஸ்கி பாட்டில்.

எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், கோடைக்காலப் பங்கு விழாவில் குலுக்கலுக்கு விடச் சொல்லி அதைக் கொடுத்திருந்தார். பாப்பி வான் விங்கிள், 23 ஆண்டு பீப்பாயில் கிடந்தது. கடையில் பெயர் எழுதிப் போட்டு, குலுக்கலில் பெயர் வந்ததால் நிறுவனம் சொன்ன விலைக்கே அவருக்குக் கிடைத்தது. ஐம்பதாவது திருமண நாளில் திறக்கலாம் என்று கணவனும் மனைவியும் வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே அந்த அம்மா இறந்துபோனார். பிறகு அதை வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனமில்லை.

இந்த ஊருக்கு இது புதுமையான காணிக்கை இல்லை. கத்தோலிக்கப் பங்குகளும் பள்ளிகளும் அரிய பர்பன் விஸ்கியைக் குலுக்கலுக்கு விட்டுப் பணம் திரட்டுவது கென்டக்கியில் வழக்கம். எங்கள் ஆலயக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. சீட்டு ஒன்று 20 டாலர் என்றால் எவ்வளவு சேரும் என்று பேரவையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் பக்கம் திரும்பினார். “ஃபாதர், இது உண்மையிலேயே அந்த விலை பெறுமா? பெறாது என்றால், பெறாத ஒன்றைக் காட்டி நம் மக்களிடம் பணம் வாங்குவது சரியா?” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

மதுவைப் பற்றி ஒரு குரு இவ்வளவு விரிவாக எழுதுவது நம் ஊர் வாசகருக்கு உறுத்தலாம். ஆனால் கென்டக்கி மண்ணில் கோவிலும் வடிசாலையும் ஒன்றாக வந்தவை. 1785-இல் மேரிலாந்திலிருந்து பேசில் ஹைடன் என்பவர் 25 கத்தோலிக்கக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு கென்டக்கிக்கு வந்தார். வந்தவர்கள் விவசாயிகள். சோளம் விளைந்தது, மிஞ்சிய சோளத்தை மலைதாண்டிக் கொண்டுபோய் விற்பதைவிடக் காய்ச்சி வடித்து விற்பது எளிதாக இருந்தது. கென்டக்கியில் எழுந்த முதல் கத்தோலிக்க ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவரும் இதே ஹைடன்தான். அவர் பெயரில் இன்றும் ஒரு பர்பன் விற்கிறது. 1808-இல் பார்ட்ஸ்டவுன் தனி மறைமாவட்டம் ஆயிற்று. அதற்குத் தெற்கே, 1848-இல் தொடங்கிய கெத்சமனி துறவு மடம் இருக்கிறது. துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டன் 1941 முதல் வாழ்ந்த மடம் அது. 1968-இல் கடைசிப் பயணத்தின்போது அவர் நம் பரங்கிமலைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்தார் என்பதால் எனக்கு அந்த மடத்தோடு ஒரு சொந்தம். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத அந்தத் துறவிகள், பர்பன் கலந்த இனிப்பையும் செய்து விற்று வயிறு வளர்த்து வந்திருக்கிறார்கள். அந்த இனிப்பின் விலையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

இனி அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். பர்பன் என்று பெயர் வைக்க அமெரிக்கச் சட்டத்தில் கடுமையான விதிகள் உண்டு. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை மறுபடி பர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. வேறு நிறமோ சுவையோ சேர்க்கக் கூடாது. அந்தச் செம்பழுப்பு நிறமும் வெண்ணிலா மணமும் முழுக்க மரத்திலிருந்து வருபவை. பெரும்பாலான பர்பனில் சோளத்துக்கு அடுத்தபடி ரை என்ற தானியம் சேர்ப்பார்கள். காரம் தூக்கலாக இருக்கும். பாப்பியில் ரைக்குப் பதில் கோதுமை. அதனால் நாக்கில் மென்மையாக இறங்கும்.

‘பாப்பி’ என்று அழைக்கப்பட்ட ஜூலியன் வான் விங்கிள் 1874-இல் பிறந்தவர். 1935-இல், லூயிவில் நகரத்தில் புகழ்பெற்ற டெர்பி குதிரைப் பந்தயம் நடக்கும் நாளில், ஸ்டிட்சல்-வெல்லர் வடிசாலை திறந்தது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் அவர். 1965-இல் இறந்தார். 1972-இல் குடும்பம் ஆலையை விற்றுவிட்டது. மகனும் பேரனும் பழைய சரக்கை வாங்கி வாங்கி, சிறிய அளவில் தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் இருபது ஆண்டு ஊறிய பர்பனை விரும்பிக் கேட்பவர் அதிகம் இல்லை. அமெரிக்கா வோட்கா பக்கம் சாய்ந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பழைய ஆலையில் வடிப்பதும் நின்றது. 2002 முதல் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து பஃபலோ டிரேஸ் வடிசாலையில்தான் இது தயாராகிறது. பெயர் பரவியது அதற்கு முன்பின்னான ஆண்டுகளில். நிறுவனம் பரிந்துரைத்த கடைவிலை சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஏறத்தாழ 300 டாலர். வெளியே கைமாறும் விலை பல ஆயிரம் டாலர்.

ஆக, ஒரே பாட்டிலுக்கு இரண்டு விலை. ஆசிரியையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முதல் விலையை எடுத்துக்கொள்வோம். பீப்பாய் ஒன்று 53 கேலன், சுமார் 200 லிட்டர் கொள்ளும். கென்டக்கியின் கோடை மரத்தை விரியச் செய்கிறது, குளிர் சுருக்குகிறது. மது மரத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது. இதைத் தேவதூதர்களின் பங்கு என்று இங்கே சொல்கிறார்கள். 23 ஆண்டு முடியும்போது பாதிக்கு மேல் காற்றோடு போயிருக்கும். மிஞ்சியதும் எல்லாம் தேறாது. சில பீப்பாய்களில் மரக்கசப்பு ஏறிக் குடிக்க முடியாததாகிவிடும். இருக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஆண்டுதோறும் சொத்துவரி கட்ட வேண்டும். 2026 முதல் படிப்படியாகக் குறைத்து 2043-இல்தான் அந்த வரியை நீக்கப்போகிறார்கள். நெருப்பு அபாயம் வேறு. 1996 நவம்பர் 7-ஆம் தேதி பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் கிடங்குகள் ஏழு எரிந்து, 90,000-க்கும் மேற்பட்ட பீப்பாய்கள் சாம்பலாயின. சரிவில் நெருப்பாறு ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் பங்கில் இருக்கிறார்கள். இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

இவ்வளவையும் தாங்கி, தான் பிறந்தபோது ஊற்றப்பட்டதை ஒருவர் இளைஞராகி வந்து பாட்டிலில் அடைக்கிறார் என்னும் அளவுக்கு நீண்ட காத்திருப்புக்கு 300 டாலர் கேட்டால், அது நியாய விலை. விற்பவன் தனக்கு ஏற்படும் இழப்பைக் கணக்கில் சேர்த்து விலை சொல்லலாம் என்று அக்குவினா அனுமதிக்கிறார். நேரமும் ஆவியும் வரியும் மரமும் உண்மையான இழப்புகள். அந்த விலையில் சேராத இழப்பும் ஒன்று உண்டு. ஆவியாகும் சாராயத்தை உண்டு வளரும் கரும்பூஞ்சை, கிடங்குகளைச் சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களிலும் மரங்களிலும் எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளிலும் படிகிறது. தேய்த்துக் கழுவுவது அக்கம்பக்கத்தவர் பாடு. பாட்டிலின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்களையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். ஒரு குடும்பத்தின் விருந்தில் எனக்கும் ஊற்றினார்கள். 15 ஆண்டு ஊறியது, 23 ஆண்டு ஊறியது, இரண்டும். 23-இல் முதலில் கருகிய சர்க்கரை, பிறகு உலர்ந்த பழம், கடைசியில் நீண்ட நேரம் நிற்கும் மரத்தின் துவர்ப்பு. அருமையான பானம்தான். ஆனால் என் நாக்குக்கு 15 ஆண்டு ஊறியதே நிறைவாக இருந்தது. இன்னும் எட்டு ஆண்டு கூடுதலாக மரத்தோடு இருந்ததால் அது மேலும் சிறப்படைந்துவிடவில்லை. விவரம் தெரிந்த பலரும் இங்கே அதைத்தான் சொல்கிறார்கள். அதே ஆலையில் கோதுமை சேர்த்தே வடிக்கும் வெல்லர் என்ற பர்பன், இதன் விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கும். அதைக் குடித்தவர் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

ஆனால் நாக்கு மட்டும் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. 2008-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே திராட்சை மதுவை, ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியதாகச் சொன்னபோது குடித்தவர்கள் அதிகம் ரசித்தார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியதைக் கருவி காட்டியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அதிகம் அனுபவித்தார்கள். எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை, வருத்தமாக இருக்கிறது. அந்தக் கூடுதல் இன்பம் பாட்டிலுக்குள் இல்லை. குடித்தவர் அதைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறார்.

இங்கேதான் அக்குவினா எனக்குக் கை கொடுக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது. ஒரு பொருள் கைவிட்டுப் போவதால் விற்பவனுக்கு நட்டம் என்றால், அந்த நட்டத்தை விலையில் ஏற்றலாம். விற்பவனுக்கு நட்டம் இல்லை, ஆனால் வாங்குபவனுக்கு அது மிகவும் வேண்டியிருக்கிறது என்றால், அந்த வேண்டுதலைக் காட்டி விலையை ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை விற்பவனிடமிருந்து வந்ததில்லை, வாங்குபவனுக்குள் இருப்பது. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் எப்படி விற்க முடியும்?

இந்த வாதத்தை அந்தப் பாட்டிலின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் 300 டாலர் ஆலையின் உழைப்புக்கும் காத்திருப்புக்கும் போகிறது. அதற்கு மேலுள்ள ஆயிரங்கள் எதற்கான விலை? கடைசியில் கையில் வைத்திருப்பவன் மரத்தை வெட்டவில்லை, சோளத்தை விதைக்கவில்லை, 23 ஆண்டு காத்திருக்கவில்லை. பெரும்பாலும் ஓர் அலமாரியில் சில மாதம் வைத்திருந்தான். வாங்க வருபவரின் ஆசைதான் அந்த ஆயிரங்களாக மாறியிருக்கிறது. தன் ஆசையையே இன்னொருவனிடமிருந்து பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார் அவர்.

இது வெறும் தத்துவம் இல்லை என்பதை ஒரு திருட்டு வழக்கு காட்டியது. 2013 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் ஆலையிலிருந்து 20 ஆண்டு பாப்பி 65 பெட்டிகள் காணாமல் போயின. பெட்டிக்கு மூன்று, மொத்தம் 195 பாட்டில். உள்ளே வேலை பார்த்தவர்களே சிறுகச் சிறுக வெளியே கொண்டுபோனது பின்னர் தெரிந்தது. 2015-இல் ஒன்பது பேர் மீது குற்றம் சாட்டினார்கள். பாட்டில்கள் காணாமல் போனபோது அவற்றின் மதிப்பாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 26,000 டாலர். வெளிச்சந்தையில் அது பல மடங்கு. அறநெறி இறையியலில் திருடியவன் ஈடுசெய்ய வேண்டும் என்பது கட்டாயம். மனம் வருந்தினால் மட்டும் போதாது. எந்த விலைக்கு ஈடு செய்வது? ஒப்புரவு அருள்சாதனத்துக்கு அப்படி ஒருவர் வந்து கேட்டால், ஆலைக்கு எதை இழக்கச் செய்தாயோ அதைக் கொடு என்றுதான் நான் சொல்வேன். ஆலை இழந்தது 26,000 டாலர். மீதி ஆலையினுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. திருடனுடையதும் இல்லை. அவன் அதை விற்றுக் கூடுதலாகச் சம்பாதித்ததைக் கையில் வைத்திருக்கவும் கூடாது, ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பழைய அறநெறி ஆசிரியர்கள் உடைமையாளர் தெரியாத தீய ஆதாயத்துக்குக் காட்டிய வழி அதுவே.

எதிர்த்தரப்பு பலவீனமானது இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் சியனா நகரத்துப் புனித பெர்னர்தீன், ஒரு பொருளின் மதிப்பு அதன் பயன், அதன் அருமை, அது தரும் மனமகிழ்ச்சி ஆகிய மூன்றாலும் வருகிறது என்று போதித்தார். அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமங்கா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இறையியலாளர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: ஏமாற்றும் ஏகபோகமும் இல்லாத சந்தையில் ஊரார் எதை விலையாக மதிக்கிறார்களோ அதுவே நியாய விலை. செய்தவன் எவ்வளவு செலவழித்தான் என்பது பொருட்டில்லை. இவர்கள் திருச்சபைக்கு வெளியே நின்று பேசியவர்கள் அல்லர். இவர்கள் சொல்வது சரி என்றால், பல ஆயிரமும் நியாய விலைதானே?

நான் நெடுநேரம் இதில் நின்றேன். இவர்கள் வைத்த நிபந்தனையையே பிடித்துக்கொள்கிறேன். அருமை இரண்டு வகை. இன்றைக்கு வெளிவரும் பாட்டிலுக்குள் இருப்பதை வடித்த ஆண்டு என்றோ முடிந்துபோனது. இனி அதைக் கூட்ட யாராலும் முடியாது. இது காலம் உண்டாக்கிய அருமை, இதைக் குறைசொல்ல முடியாது. இன்னொன்று, வந்ததை எல்லாம் வளைத்து மறைத்து வைப்பதால் வரும் அருமை. கடையின் பின்னறையிலும் சேகரிப்பவர்களின் நிலவறையிலும் திறக்காத பாட்டில்கள் விலை ஏறக் காத்திருக்கின்றன. 2023-இல் ஒரேகான் மாநிலத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. மாநிலமே மது விற்கும் அந்த ஊரில், மது ஆணையத்தின் உயர் அதிகாரிகள் பாப்பி போன்ற அரிய பாட்டில்களைப் பொதுமக்களுக்குப் போகாமல் தங்களுக்காக எடுத்துவைக்கச் செய்திருந்தார்கள். காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனாலும் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. ஏனென்றால் வரிசையில் நின்ற மக்களின் வாய்ப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலி பாட்டிலை வாங்கி மலிவான சரக்கை நிரப்பி விற்பவர்களும் இருக்கிறார்கள். பதுக்கலும் போலியும் நிறைந்த சந்தையின் மதிப்பீட்டைச் சலமங்கா ஆசிரியர்கள் நியாய விலை என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறியவர். விடியுமுன் ஏறி இறக்கிய பதநீர் வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். வைத்திருந்து விலை ஏற்ற வழியே இல்லை. காலை வெயிலில் யார் முதலில் வருகிறாரோ அவருக்குப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். மரத்தில் ஏறி இறங்கும் உடம்பின் கூலி மட்டுமே அந்த விலையில் இருந்தது. கெடாத பொருளை விற்பவனுக்குத்தான் இந்தச் சோதனை வருகிறது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பது விஸ்கியின் குணம். அதை வைத்துப் பிறருடைய ஆசையை முற்றவிடுவது மனிதனின் வேலை.

நற்செய்தியில் ஒரு விலையுயர்ந்த சிமிழ் வருகிறது. மாற்கு 14-ஆம் அதிகாரம். பெத்தானியாவில் ஒரு பெண் நறுமணத் தைலம் நிறைந்த படிகச் சிமிழை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றுகிறார். அருகில் இருந்தவர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள்: இதை முந்நூறு தெனாரியத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று. ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம் அது. மறையுரைகளில் அந்த முணுமுணுத்தவர்களை நாம் எளிதாகக் கடிந்துவிடுகிறோம். யோவான் நற்செய்தியில் அதைச் சொன்னவன் யூதாசு என்பதால் நமக்கு இன்னும் வசதி. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இயேசுவும் ஏழைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்றே நினைவூட்டினார். இரண்டில் எது நடந்தாலும் அந்தத் தைலம் யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நான் கவனிக்கிறேன். விலை ஏறட்டும் என்று சிமிழை மூடி வைக்கலாமே என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை.

சாமுவேல் இரண்டாம் நூலின் 23-ஆம் அதிகாரம் இதைவிட என்னைத் தொடுகிறது. பெத்லகேம் வாயிலருகே உள்ள கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்குகிறார் தாவீது. ஊர் பெலிஸ்தியர் கையில். அவருடைய வீரர்கள் மூவர் எதிரியின் பாளையத்துக்குள் புகுந்து, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவருகிறார்கள். தாவீது அதைக் குடிக்க மறுத்து, ஆண்டவருக்கென்று தரையில் ஊற்றிவிடுகிறார். அந்தத் தண்ணீரின் விலை அவருடைய தாகத்தை மீறிவிட்டது. மூன்று பேரின் உயிரை ஒருவன் தாகத்துக்காகக் குடிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

குலுக்கல் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஊரிலிருந்து அக்கா பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். “குடிக்கிற சாமானுக்கா இந்த விலை? நம்ம தெருவுல குடிச்சே அழிஞ்ச வீடு எத்தனைன்னு ஒனக்குத் தெரியாதா, தம்பி?” என்றாள். அவள் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கேயும் அந்த வீடுகள் உண்டு. எங்கள் பங்கு மண்டபத்தின் கீழ்த்தளத்தில்தான் குடியை விட்டவர்களின் கூட்டம் நடக்கிறது. பழைய காபியும் மடக்கு நாற்காலியுமாக உட்கார்ந்து, இன்று குடிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் சிலர் வடிசாலைகளில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பாட்டிலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மண்டப வாசலில் காட்சிக்கு வைக்கலாம் என்று விழாக்குழு திட்டமிட்டிருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் அவர்கள் கீழே இறங்கியாக வேண்டும்.

பேரவைக்கு நான் சொன்ன பதில் இது. குலுக்கல் நடக்கலாம். அதிர்ஷ்ட விளையாட்டு தன்னளவில் நீதிக்கு எதிரானது இல்லை என்றும், ஒருவருடைய வாழ்வுக்கோ அவரைச் சார்ந்தவர்களின் வாழ்வுக்கோ தேவையானதைப் பறிக்கும்போது அது தவறாகிறது என்றும் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2413-ஆம் எண்ணில் சொல்கிறது. ஆகவே ஒருவருக்கு ஐந்து சீட்டுக்கு மேல் விற்கக் கூடாது. கூலி வாங்கிய அன்றே மொத்தத்தையும் இங்கே போடக்கூடியவர்களை நமக்குத் தெரியும். பாட்டில் மண்டபத்துக்கு வரவே கூடாது. பெயர் குலுக்கும் நாள்வரை கொடுத்தவர் வீட்டிலேயே இருக்கட்டும். சீட்டின் மேல் ‘இத்தனை ஆயிரம் டாலர் மதிப்புள்ளது’ என்று அச்சிடக் கூடாது. நிறுவனம் சொன்ன விலையை மட்டும் போடுவோம்.

கடைசி நிபந்தனைக்குத்தான் எதிர்ப்பு வந்தது. அந்தப் பெரிய எண்தானே சீட்டை விற்கும் என்றார்கள். நான் மறுபடி அக்குவினாவிடம் போனேன். விற்பவன் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று சொன்ன அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: பெரும் நன்மை அடைந்த வாங்குபவன், தானாக மனமுவந்து கூடுதலாகக் கொடுத்தால் அது அவனுடைய நற்பண்பு. அப்படியானால் மீதி விலை என்று ஒன்று இருந்தால், அது வாங்குபவனுடையது. அவன் அதைக் கொடுக்கலாம்; அவனிடமிருந்து கறக்கக் கூடாது. கூரைக்காக 20 டாலர் கொடுக்கும் மனிதர் காணிக்கை கொடுக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியை அம்மா தலையசைத்தார்.

அந்தப் பெரியவரையும் போய்ப் பார்த்தேன். 2018 முதல் கென்டக்கியில் உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடமிருந்து பழைய அரிய மதுவை வாங்கலாம். ஒரு கடைக்காரர் அவருக்குப் பல ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்லியிருந்தார். விற்று அந்தப் பணத்தையே கூரைக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். “நான் இதற்குக் கொடுத்தது முந்நூறு டாலர், ஃபாதர். அதற்கு மேல் இதில் இருந்தது அவளோடு சேர்ந்து இதைக் குடிப்பேன் என்ற நினைப்பு. அதை ஒரு கடைக்காரரிடம் எப்படி விற்பது?” என்றார்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இந்தப் பாட்டில்களைத் தேடி அலைவதை அறிவேன். அவர்களுக்கு என் பதிலை ஒளிக்காமல் சொல்கிறேன். கடைவிலைக்குக் கிடைத்தால் அது பெறும். வாங்குங்கள், நண்பர்களைக் கூப்பிட்டு அந்த ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள். அதற்கு மேல் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த மீதிப் பணம் உங்களுடையது, கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால் கொடுக்கத் தகுந்த இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் வீட்டில் குடியிலிருந்து மீள முயல்பவர் ஒருவர் இருந்தால், அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாசலுக்குள் கொண்டுவராதீர்கள்.